தண்ணீர் உள்ளே வரட்டும், காடு தானே வரும்

பிச்சாவரம் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவில் வருவது படகுச் சவாரிதான். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கியிருக்கும் ஓடைக்குள் துடுப்புப் படகு நுழையும். ஆளுக்கொரு கைபேசியைத் தூக்குவோம். கூட்டத்தில் வயதானவர் யாராவது இருந்தால், "இங்கதான் இதயக்கனி படம் எடுத்தாங்க" என்பார். அப்புறம் சிதம்பரம் வந்து சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவோம்.

நான் எழுத வந்தது அந்த ஓடையைப் பற்றி அல்ல. சவாரிப் பாதையிலிருந்து சற்று விலகிப் போனால், ஓடையிலிருந்து சாய்வாகப் பிரிந்து காட்டுக்குள் போகும் குறுகலான வாய்க்கால்களைப் பார்க்கலாம். இயற்கையான ஓடை நெளிந்து போகும். இவை நேராகப் போகின்றன. படகோட்டியிடம் கேட்டேன்.

"இது யாருண்ணே வெட்டுனது?"

"நாங்கதான் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். கூலிக்கு வெட்டுனோம். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு செடி கெடையாது. வெயில்ல உப்பு பூத்துக் கெடக்கும்."

அவர் கைகாட்டிய இடத்தில் இப்போது தலைக்கு மேல் கண்டல் நிற்கிறது. அது எப்படி வந்தது என்பது, கடலோரத்தைச் சீர்படுத்துகிறோம் என்று கிளம்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. சுற்றுலாப் பலகைகளில் அது இருக்காது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இன்று கோயிலைச் சுற்றி இல்லை, இங்கேதான் இருக்கிறது. (அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. ஆர்வத்தில் கிளையை ஒடித்துப் பார்க்க வேண்டாம்.) பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டில் கூப்பு போட்டு மரம் வெட்டினார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுக்க மொட்டையடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும், சுற்று முடிந்து திரும்பி வரும்போது மறுபடியும் விறகு தயாராக இருக்கும் என்பது கணக்கு. மலைக்காட்டில் பழகிய கணக்கு அது.

சேற்றில் கண்டல் வளரும் அலையாத்திக் காட்டில் அது பலிக்கவில்லை. மொட்டையடித்த இடம் மொட்டையாகவே கிடந்தது. ஏன் என்று கேட்டால் கைவசம் ஒரு பதில் இருந்தது: ஊர்க்காரர்கள். மாட்டை விட்டு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு வளரவில்லை. எனவே ஊர்க்காரர்களைக் காட்டுக்குள் விடாதே. இப்படியே பல காலம் ஓடியது. கடலோரமாகட்டும் மலையாகட்டும், ஓர் இயற்கை வளம் அழிந்தால் அங்கே வாழும் ஏழையின் மேல்தான் முதலில் பழி விழும். மாடு மேய்ந்ததும் விறகு எடுத்ததும் பொய்யில்லை. ஆனால் காடு செத்ததற்கு அதுவா காரணம் என்று மண்ணைத் தோண்டிப் பார்க்க 1990-கள் வர வேண்டியிருந்தது.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அதில் முன்னின்றவர் வி. செல்வம். அவர்கள் கண்டது இதுதான். மரம் இருந்தவரை மண்ணுக்கு நிழல் இருந்தது. பரந்த இடத்தை ஒரே நேரத்தில் மொட்டையடித்ததும் வெயில் நேராக இறங்கி, சேற்றிலிருந்த ஈரம் வற்றி, மண் அமுங்கிவிட்டது. நடுவில் பள்ளமும் சுற்றிலும் விளிம்புமாக, ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது நிலம். பெரிய ஓதத்தின்போது கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். இறங்கும்போது திரும்பிப் போக வழி இல்லை. உள்ளேயே நிற்கும், காயும், உப்பை விட்டுவிட்டுப் போகும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. வருஷக்கணக்கில் இப்படிச் சேர்ந்து சேர்ந்து, உப்பைத் தாங்கிப் பழகிய கண்டலே முளைக்க முடியாத அளவுக்கு மண் கடுத்துவிட்டது. விதை மிதந்து வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு தணிந்திருக்கும்போது முளைவிடும். கோடை வந்ததும் கருகிவிடும்.

அந்த இடத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும். மாட்டை விரட்டினாலும் சாகும். வேலி போட்டாலும் சாகும். நின்ற நீருக்கு வெளியேற வழி செய்வது ஒன்றுதான் மருந்து.

அதற்காக வந்தவைதான் அந்த வாய்க்கால்கள். இயற்கையான ஓடையிலிருந்து சாய்கோணத்தில் ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் அதே போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். செங்குத்தாகப் பிரித்தால் தண்ணீர் முட்டி நிற்கும், சாய்த்துப் பிரித்தால் தடையில்லாமல் ஏறி இறங்கும். கரை சரிந்து விழாமலிருக்க மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும். ஓதம் ஏறும்போது தண்ணீர் பள்ளத்துக்குள் போய், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். மண்ணின் கடுப்பு தணிந்ததும் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். அவை பிழைத்தன. பெரிய இயந்திரம் இல்லை. மண்வெட்டி, கூடை, எந்த இடம் மேடு எது பள்ளம் என்று காலால் நடந்தே தெரிந்துவைத்திருந்த ஆட்கள், இவ்வளவுதான்.

1996-இலிருந்து கனடாவின் உதவியோடு இந்த முறை தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா கடலோரங்களுக்குப் போனது. மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 1,400 ஹெக்டேருக்கு மேல் சிதைந்த அலையாத்திக் காடு மீட்கப்பட்டது. பிச்சாவரத்தில் 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள்.

எண்களை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, வேலை நடந்த விதம். வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், ஊர் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு ஊரிலும் ஒரு மன்றம் அமைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று உறுப்பினர்கள். எங்கே வாய்க்கால் வெட்டுவது, எங்கே மேய்ச்சலை நிறுத்துவது என்று மன்றம் முடிவு செய்யும். பதிலுக்கு ஊரின் தேவைகளும் திட்டத்துக்குள் வந்தன. நேற்றுவரை காட்டைத் திருடுகிறவர் என்று சொல்லப்பட்டவர், இன்று காட்டுக்கு வழி சொல்கிறவர். இந்த மாற்றத்துக்கு எந்த அளவுகோலும் இல்லை.

பிச்சாவரத்து இருளர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. வழிவழியாக அவர்கள் வலை போடுவதில்லை. ஆழம் குறைந்த ஓடைகளில் நீருக்குள் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி, அதை வாயில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரில், விரல் முழுக்கச் சேற்றில். எந்த ஓடை தூர்ந்துவிட்டது, எங்கே சேறு இறுகிவிட்டது, எங்கே இறால் குஞ்சு நிற்கிறது என்பதை இவர்களை விட யார் அறிவார்? ஆனால் பழங்குடிச் சான்றிதழுக்கே அலைய வேண்டியிருந்த மக்கள் அவர்கள். காட்டைப் பற்றிக் கூட்டம் போடும்போது அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று பல காலம் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு அலையாத்திக் காடான முத்துப்பேட்டையில் இதைவிடச் சுவையான ஒரு சங்கதி உண்டு. அங்குள்ள மீனவர்கள் மீன் பிடிப்பதற்காகவே காயலிலிருந்து உள்ளே வாய்க்கால் வெட்டுவது வழக்கம். ஓதத்தோடு மீன் உள்ளே ஏறும், இறங்கும்போது வாயில் மறித்துப் பிடிப்பார்கள். வாய்க்கால் மீன்பிடி என்று பெயர். காட்டை வளர்க்கும் எண்ணமெல்லாம் அவர்களுக்கு இல்லை, குழம்புக்கு மீன் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கால் வெட்டிய இடங்களில் இரு கரையிலும் கண்டல் தழைத்தது. விஞ்ஞானம் பின்னால் வந்து விளக்கிய விஷயம் அங்கே ஏற்கெனவே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

இனி 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு பிச்சாவரம் திடீரென்று உலகப் புகழ் பெற்றது. கடலைப் பார்த்த திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற ஊர்கள் பெரும் அழிவைச் சந்தித்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. "அலையாத்தி காப்பாற்றியது" என்று உலகமெங்கும் எழுதினார்கள். 2005-இல் 'சயின்ஸ்' இதழிலும் கடலூர் மாவட்டத்தை வைத்து அப்படியொரு ஆய்வு வந்தது. இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றுக்கு அடுத்த வருஷமே மறுப்பும் வந்தது: காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன, அவை தப்பியதில் அதற்கும் பங்குண்டு என்றார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மரம் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அலையாத்தியைக் கொண்டாடியதில் ஒரு கெடுதல் நடந்தது. "கடலோரத்தில் மரம் இருந்தால் சுனாமி நிற்கும்" என்று ஒரே வரியில் சுருக்கிக்கொண்டு, கண்ட இடத்திலெல்லாம் சவுக்கு நடக் கிளம்பிவிட்டோம்.

சவுக்கு மோசமான மரம் என்று சொல்லவில்லை. கடலூர், விழுப்புரம் பக்கம் எத்தனையோ விவசாயிகளுக்கு அது சோறு போடுகிறது. அதை நட்ட இடம்தான் தப்பு. கரையில் கடல் தானே கட்டியெழுப்பிய மணல்மேடுகள் உண்டு. அவற்றில் அடும்புக்கொடி படர்ந்திருக்கும், ராவணன் மீசை புதர் புதராக நிற்கும். அந்தச் செடிகள் மணலைப் பிடித்துவைக்கும், மேடு அலையைத் தடுக்கும், மேட்டுக்கு அடியில் மழைநீர் நல்ல தண்ணீராகத் தங்கும். கடலுக்கு நெருக்கத்திலேயே ஊற்றுத் தோண்டிக் குடித்த கிராமங்கள் நம்மிடம் உண்டு. பல இடங்களில் அந்த மேட்டைச் சமப்படுத்திவிட்டு, கடலுக்கு வெகு பக்கத்தில் வரிசை வரிசையாகச் சவுக்கு வைத்தார்கள். பங்குனி ஆமை முட்டையிட ஏறி வரும் மணல் அது. ஆமைக்கு வெட்டவெளி மணல் வேண்டும், சவுக்குத் தோப்பு ஆகாது. இருந்த அரணை இடித்து இல்லாத அரணைக் கட்டிய வேலை என்றுதான் இதைச் சொல்வேன். அடும்பு பச்சையாகத் தரையோடு கிடப்பதால் புகைப்படத்தில் காடு மாதிரித் தெரியாது என்பதைத் தவிர அதன்மேல் வேறு குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற கரை. தண்ணீருக்கு அடியில் இருப்பதைச் சீராக்குவது இன்னும் கடினம், அழிந்தாலே யாருக்கும் தெரியாது என்பதால்.

பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். அதிராம்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம், மனோரா, கட்டுமாவடி என்று தெற்கே போகும் கரையோரம் முழுக்கக் கடற்புல் மேய்ச்சல் நிலம். மீனவர்கள் தாழை என்பார்கள். கரையில் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும்போது குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போவோம். பாசிபோலத் தெரிந்தாலும் அது பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி, கடலுக்கடியில் பூக்கிற புல். ஓரா மீனும் நண்டும் இறால் குஞ்சும் வளர்வது அதற்குள்தான். ஆவுளியா என்று பழைய மீனவர்கள் சொல்லும் கடல்பசு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தாழை தின்னும். புல் இல்லையென்றால் அது இல்லை.

புல்லை அழிப்பது எது என்று அங்கே எந்த நாட்டுப்படகுக்காரரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: இழுவைமடி. தரையோடு உரசிக்கொண்டு போகும் வலை, புல்லை வேரோடு பிடுங்கும், சேற்றைக் கிளப்பும். சேறு கலங்கினால் வெளிச்சம் அடிக்குப் போகாது. வெளிச்சம் இல்லாமல் புல் பிழைக்காது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் உண்டு. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கடலில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள்.

பாலாஜி வேதராஜன் என்பவர் தொடங்கி, தஞ்சாவூர் மாவட்டம் வெளிவயலில் இருந்து இயங்கும் ஓம்கார் அமைப்பு இந்தக் கடற்புல்லைத் திரும்ப வளர்க்கும் வேலையைச் செய்துவருகிறது. மூங்கில் சட்டம் கட்டி, அதில் தென்னங்கயிறை இழுத்து, நல்ல புல்வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த தண்டுகளைக் கயிற்றில் பிணைத்து, மொட்டையான கடல் தரையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு மூங்கிலும் கயிறும் மக்கிப் போகும். வெளியே எடுக்க வேண்டிய பிளாஸ்டிக்கோ இரும்போ எதுவும் இல்லை. தென்னையும் மூங்கிலும் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், கட்டத் தெரிந்த கைகளும் அங்கேயே இருக்கின்றன. நெல் நாற்றுக் கட்டிப் பழகிய டெல்டாவில் இந்த வேலை கைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். வலையில் சிக்கிய கடல்பசுவை மீனவர்களே வலையை அறுத்து விடுவிப்பதும் அங்கே நடக்கிறது. அறுத்த வலைக்குப் பணம் கைக்கு வரும் வேகத்தைப் பொறுத்தே அடுத்த வலை அறுபடும் என்பதை அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது. கடன் வாங்கி வலை எடுத்தவரிடம் பொன்னாடை மட்டும் போர்த்திப் பயனில்லை.

கடலோரத்தைச் சீர்படுத்துவதில் இன்னொரு வகையும் உண்டு: எதையும் நடாமல், எடுப்பதைக் குறைத்துக்கொள்வது. ராமநாதபுரம் கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகைவகையாகப் பெயர் தெரியும் அவர்களுக்கு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆனபோது, தாங்கள் முங்கி எழுந்த தண்ணீருக்குள்ளேயே குற்றவாளிகள் ஆனார்கள். அவர்கள் சண்டை மட்டும் போடவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்போம், மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்களும் நிறுத்துவோம், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கையால்தான் எடுப்போம் என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் சார்பில் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி விருது கிடைத்தது. அன்றைய கூலி அன்றைய பாசியில்தான் என்றிருப்பவர், மாதத்தில் பாதிக்கு மேல் கடலுக்குப் போகமாட்டேன் என்று சொல்வது சின்ன விஷயமா?

சரி, அந்த வாய்க்கால் முறையில் குறை என்ன என்று கேட்பீர்கள். வாய்க்கால் வெட்டுவது ஒரு முறை செய்து முடிகிற வேலை இல்லை என்பதுதான். சேறு இறங்கும், இரண்டு மூன்று வருஷத்தில் தூர்ந்துவிடும். தூர் வாராவிட்டால் பழையபடி தண்ணீர் நிற்கும், உப்பு ஏறும். முகத்துவாரத்தில் மணல் திட்டு போட்டால் ஓதமே உள்ளே வராது. மேலே காவிரியிலும் கொள்ளிடத்திலும் நல்ல தண்ணீர் வராவிட்டால் கீழே எத்தனை வாய்க்கால் வெட்டியும் முழுப் பலன் கிடையாது. முத்துப்பேட்டை அப்படித்தான் வருஷக்கணக்கில் இளைத்தது, 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மிச்சத்தையும் முறித்துப் போட்டது. திட்டத்துக்குக் காலம் உண்டு, சேற்றுக்குக் காலம் இல்லை. வெட்டுவதற்குப் பணம் தருகிறவர்கள் தூர் வாருவதற்குத் தருவதில்லை. தொடக்க விழாவுக்கு மேடை போடலாம், தூர் வாரலுக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

பிச்சாவரம் 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு பங்கு, கூலிக்கு மண்வெட்டி பிடித்துவிட்டு இன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் துடுப்புப் போடும் ஆட்களுடையது. பலகையில் அவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால் குறைந்துவிடாது.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் கல்லூரியிலோ அலுவலகத்திலோ கடலோரத்தில் கன்று நட ஆள் திரட்டுகிறவர்களாக இருக்கலாம். வருஷா வருஷம் ஜூலை 26, உலக அலையாத்தி நாள் வந்தால் அழைப்பும் வரும். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போவதற்கு முன் அங்குள்ள ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, ஏன் போனது என்று கேளுங்கள். எதுவுமே இருந்ததில்லை, சேறுதான் இருந்தது என்றால், அந்தச் சேறு உள்ளானும் கொக்கும் நண்டும் மேய்கிற இடம், கன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். தாழை இருந்த இடத்தில் கண்டல் நடச் சொன்னாலும் அப்படியே. காடு இருந்து செத்த இடம் என்றால், தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று ஓர் ஓதம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். இறங்கவில்லையென்றால் கன்றுக்கு வைத்திருந்த பணத்தை அந்த ஊர் மன்றத்திடம் வாய்க்கால் தூர் வாரக் கொடுத்துவிடுங்கள். செய்தித்தாளில் படம் வராது. பரவாயில்லை, கொடுங்கள்.